முக்கடல் நாட்டு நிதியமைச்சரின் பங்கு

நிதியமைச்சர் உத்தியோகம் என்பது, வாசலுக்கு வருகிற யாரிடமும் ‘இல்லை’ என்ற சொல்லைச் சொல்லாமலே எல்லோரையும் வெறுங்கையோடு அனுப்பிவைக்கிற உத்தியோகம். கோயில் கொடைக்கு வரி பிரித்தவர்கள், கல்யாண வீட்டில் பந்திப் பொறுப்பு பார்த்தவர்கள், வகுப்புச் சுற்றுலாவுக்குப் பணம் வாங்கிவைத்து கூடவே வசவும் வாங்கியவர்கள், எல்லோரும் இதில் என் கூட்டாளிகள்தான். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

இதில் ஒரு இடத்தில் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். அதற்கு நான் பொறுப்பு. ஆனால் இப்போதே கேட்கக்கூடாது. கேட்டவுடன் கொடுப்பது எங்கள் துறையில் வழக்கமில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெயர் பகவதி, பதினொன்றாம் வகுப்பு, ஊர் சுசீந்திரம் பக்கம். நான் நிதியமைச்சராக இருந்த நாடு எந்த வரைபடத்திலும் கிடையாது. நாகர்கோவிலில் எங்கள் பள்ளிக்கூடம் நடத்திய மாதிரி நாடாளுமன்றத்தில் மட்டும் உண்டு. அதற்கு முக்கடல் நாடு என்று பெயர். பெயர் வைத்தது பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார். எனக்குக் கஜானா மட்டும் கொடுத்தார்கள், காலியாக.

வாயால் வந்த பதவி

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாருடைய குரல் காதில் விழுந்தாலும் அது தொண்டைக்குள் வந்து குடியேறிவிடும், வாடகையும் தராது. பஸ் கண்டக்டர், கோயில் மைக்கில் காணாமல் போன பிள்ளையைத் தேடுகிறவர், மீன்காரம்மா, எங்கள் வீட்டு மிக்ஸி, எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள். ஒரு நாள் எங்கள் அரசியல் அறிவியல் ஆசிரியை லீலா டீச்சரும் குடிவந்தார். நான் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே குனிந்து உட்கார்ந்துகொண்டு, “எல்லாரும் வரிசையா கிரவுண்டுக்குப் போங்க. ஒரு சத்தம் வரப்படாது” என்று சொன்னேன். வகுப்பு முழுக்கப் போனது. பாடம் நடத்திக்கொண்டிருந்த புது டீச்சரும் சாக்பீஸை வைத்துவிட்டு, சத்தம் வராமல், வரிசையில் கடைசியாகப் போனார்.

நிஜமான லீலா டீச்சர் என்னை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். அடி விழும், அப்பாவைக் கூட்டிவரச் சொல்வார் என்று இரண்டு வகை முகத்தையும் தயாராக வைத்திருந்தேன். அவரோ மாதிரி நாடாளுமன்றத்துக்கு ஆள் பிரித்துக்கொண்டிருந்தார். யாரும் கைதூக்காமல் ஒரு பதவி மிச்சம் கிடந்தது. கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“பணம் இல்லாம வாயை மட்டும் வச்சு சமாளிக்கிற வேலை ஒண்ணு இருக்கு பகவதி. உனக்காகத்தான் அது இத்தனை நாளும் காலியா கிடந்திருக்கு.”

தலைப்புக்கு வெளியே ஒரு வீடு

எங்களுக்கு வந்த தலைப்பு இது: பக்கத்து நாடுகள் எல்லாம் சேர்ந்து நடத்துகிற பிராந்திய வளர்ச்சி வங்கிக்கு முக்கடல் நாடு தன் பங்களிப்பை உயர்த்தலாமா, வேண்டாமா? வங்கி என்றால் நாம் போய் டோக்கன் எடுக்கிற வங்கி இல்லை. நாடுகள் பணம் போடும். அதிலிருந்து பாலம், துறைமுகம், கடலரிப்புத் தடுப்பு என்று கேட்கிற நாட்டுக்குக் குறைந்த வட்டியில் கடன் போகும். நம் பணம் முதலில் யாருக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. ஒருவேளை அடுத்த தீவுக்குப் போகலாம். போடலாமா என்று யோசிப்பதுதான் அரசாங்கத்தின் வேலை. யோசித்துக்கொண்டே இருப்பதற்கு லீலா டீச்சர் எனக்கொரு வாக்கியம் எழுதிக் கொடுத்தார். “இது அரசின் பரிசீலனையில் உள்ளது.” அதை எந்த இடத்தில் வைத்தாலும் பொருந்தும். சோற்றுக்கு ரசம் மாதிரி.

எதிர்க்கட்சித் தலைவி ரெஜினா. முட்டத்துக்கு அடுத்த கடற்கரை ஊர்க்காரி, என் வகுப்புதான். முன்னாலெல்லாம் அவள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் வேறு தெருக்கள் இருந்தனவாம். இப்போது அவள் வீடுதான் முதல் வீடு. போன ஆடியில் கடல் கேறி அடுக்களைச் சுவரைக் கொண்டுபோய்விட்டது. கரையிலிருந்து கடலுக்குள் தூண்டில் முள் மாதிரி வளைத்துக் கல் கொட்டுவார்கள், அலையின் வேகத்தை அது வாங்கிக்கொள்ளும். தூண்டில் வளைவு என்பார்கள். அவர்கள் தெருவுக்கு அது வேண்டும் என்று ஊரே மனு கொடுத்து, வந்த பதில், நீங்களே சொல்லிவிடுவீர்கள், பரிசீலனையில் உள்ளது. எங்கள் மாதிரி நாடாளுமன்றத்துக்குச் சிறப்பு விருந்தினராக வருகிறவர், அந்தக் கல் கொட்டுகிற துறையின் பெரிய அதிகாரி. அவர் காதில் ஒருமுறை தன் தெருவைப் போட்டுவிட வேண்டும், ரெஜினாவுக்கு அவ்வளவுதான்.

லீலா டீச்சர் அதற்குக் குறுக்கே இரண்டு விதி வைத்தார். ஒன்று, நம் ஊர்ப் பிரச்சினை எதையும் அவைக்குள் கொண்டுவந்து விருந்தாளியைச் சங்கடப்படுத்தக்கூடாது. இரண்டு, அமைச்சர் சொன்னதை வைத்து மட்டும்தான் எதிர்க்கட்சி பேசலாம். அமைச்சரே சொன்னதென்றால் எதுவானாலும், எங்கே சொன்னதானாலும் எடுக்கலாம். அமைச்சர் சொல்லாததை எடுத்தால் சபாநாயகர் மணியடித்து உட்காரவைத்துவிடுவார். அன்றைக்கு மத்தியானம் ரெஜினா தன் கிழங்கையும் மீனையும் என் பக்கம் தள்ளிவைத்தாள். லஞ்சம் என்று எனக்குத் தெரியும். தின்றுவிட்டு, “எழுதித் தந்ததைத் தாண்டி ஒரு வார்த்தை பேசினா டீச்சர் என்னை நாடு கடத்திருவா” என்றேன். அவள் மீன்முள்ளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்:

“எங்க தெருவ நீ ஒரு தடவ சொன்னா போதும், ஏட்டி. எங்க வச்சுச் சொன்னாலும் போதும்.”

கதவில்லாத நாடு

அமைச்சரவைக் கூட்டம் வேதியியல் ஆய்வகத்தில் நடந்தது. வங்கிக்கு எவ்வளவு போடலாம் என்று நான் கேட்டதுதான் தாமதம், அதுவரை பரோட்டாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அமைச்சர்கள் எல்லோருக்கும் துறைமேல் பாசம் வந்துவிட்டது. சுகாதாரத்துறைக்கு ஆம்புலன்ஸ் வேண்டுமாம். போக்குவரத்துத்துறைக்குக் காலையில் பள்ளிக்கூடம் வருகிற பஸ்ஸில் நிற்க இடம் வேண்டுமாம். நான் எல்லோருக்கும் என் ரசத்தை ஊற்றினேன், பரிசீலனை, பரிசீலனை என்று. யாரும் கோபப்படவில்லை. அதுதான் ஆச்சரியம். அந்தச் சொல்லைக் கேட்டால் மனிதர்கள் திட்டவும் முடியாமல் நன்றி சொல்லவும் முடியாமல் ஒரு மாதிரி ஆகிவிடுகிறார்கள்.

கல்வி அமைச்சர் மட்டும் அசையவில்லை. விளையாட்டில் கெட்டிக்காரி, பேச்சுக்கு வாய் திறப்பதே அபூர்வம். அவள் எழுந்து ஆய்வக ஜன்னலைத் திறந்து, அந்தப் பக்கம் தெரிந்த எங்கள் கழிப்பறை வரிசையைக் காட்டினாள்.

“அங்க பாரு. ரெண்டாவதுக்குக் கதவு கெடையாது. ஒருத்தி உள்ள போனா ஒருத்தி காவல் நிக்கணும். நாம அடுத்த நாட்டுக்குப் பாலம் கட்டக் காசு குடுக்கப் போறோம், இல்லியா?”

மாதாவை விட்டுவிட்டுப் போங்கள்

நிதியமைச்சருக்கு ஒரு குரல் வேண்டும் என்று அதற்குள் உருவாக்கி வைத்திருந்தேன். யாருடைய குரலும் இல்லை, எல்லா மேடையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளிச் சேர்த்தது. கன்னத்தில் வெற்றிலை அடக்கிய மாதிரி இருக்கும். ‘வந்து... வந்து...’ என்று இரண்டு தடவை வந்த பிறகுதான் விஷயம் வரும். அதை ரெஜினாவிடம் பரீட்சை பார்க்க ஆசை வந்தது. கத்தாருக்குப் போன அண்ணன் வீட்டில் விட்டுப்போன போனை எடுத்து, அவள் வீட்டு எண்ணுக்குப் போட்டேன். “வணக்கம். நிதியமைச்சர் பேசுகிறேன்” என்றேன். எடுத்தது அவள் அப்பா சேவியர் மாமா. அப்போதே போனை வைத்திருக்க வேண்டும். ஆனால் குரல் அன்றைக்கு அவ்வளவு நன்றாக வந்திருந்தது, எப்படி வைப்பது? அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. மனிதர் எழுந்து நின்றுவிட்டார்.

“வந்து... வளர்ச்சி வங்கிக்கு உங்கள் பங்கைக் கொடுத்துவிடலாமா என்று அரசு பரிசீலிக்கிறது” என்றேன். மக்கள் பணம்தானே அரசின் பணம், அதனால் ‘உங்கள்’ என்றேன். பங்களிப்பு என்ற சொல் வெற்றிலைக் கன்னத்துக்கு நீளமாக இருந்ததால் பங்கு என்று வெட்டினேன். மாமா, “எங்க பங்கையா? பங்குச்சாமியாருக்குத் தெரியுமா அய்யா?” என்றார். எனக்குப் புரியவில்லை. சுசீந்திரத்தில் பங்கு என்றால் வயலில் பங்கு, சொத்தில் பங்கு. சாமியார் எங்கே வந்தார்? அவர் பயத்தோடு விளக்கினார். கடற்கரையில் பங்கு என்றால் மாதா கோயிலும் அதன் சாமியாரும், அந்தக் கோயிலுக்கு உட்பட்ட ஊரும், அதில் உள்ள அத்தனை குடும்பமும். நான் அவர்கள் ஊரையே தூக்கி ஒரு வங்கிக்குக் கொடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். மாமா தழுதழுத்த குரலில் சொன்னார்:

“வீடெல்லாம் எப்படியும் கடலு கொண்டுபோகும், எடுத்துக்கிடுங்க. மாதா சொரூபத்த மட்டும் எங்களுக்கு விட்டுட்டுப் போங்க அய்யா.”

கடைமடையில் ஒரு கேள்வி

பங்கு என்பது பணம்தான், ஊர் பத்திரமாக இருக்கிறது என்று அவரைத் தேற்றிவிட்டுத்தான் போனை வைத்தேன். சிரித்துக்கொண்டே வைத்தேன். ஆனால் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவ்வளவு எளிதாக எப்படிச் சொன்னார்?

எங்கள் அப்பா வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். “அப்பா, நீங்க ஒரு நாட்டுக்குக் குடிமகன்னு வைங்க. கடல்ல கல்லு போடுற வங்கிக்கு நம்ம நாடு காசு போடலாமா?” என்றேன். எங்கள் வயல் கால்வாயின் கடைசியில் இருக்கிறது. மேலே இருக்கிற வயலெல்லாம் குடித்து மிஞ்சினால்தான் எங்களுக்குத் தண்ணீர். மிஞ்சினாலும் கால்வாயில் கிடக்கிற சகதி அதை விடவேண்டும். அப்பா சொம்பைக் கீழே வைத்தார். அவர் கஞ்சர் இல்லை. ஆடியில் கடற்கரையிலிருந்து பள்ளிக்கூடத்தில் வந்து தங்கியவர்களுக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுத்த மனிதர்தான்.

“கடல்ல இருக்கவனுக்கு வேணும், மக்ளே, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா கால்வாய்ல சகதி வாரக் காசு இல்லேன்னுதான எங்கிட்ட அரசாங்கத்துல சொன்னான்? இப்ப கடலுக்குப் போட மட்டும் காசு எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டுட்டு, பொறவு ஒப்புப் போடு.”

நேர்ச்சை

சேவியர் மாமா திரும்பக் கூப்பிடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் சாயங்காலமே அண்ணனின் போன் அடித்தது. “அமைச்சரய்யாவா? ஒரு சந்தேகம்” என்றார். ஒரு நாட்டு நிதியமைச்சரைச் சந்தேகம் கேட்க ஒரு குடிமகன் தேடுகிறார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வங்கிக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள், எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று விலாவாரியாகக் கேட்டார். லீலா டீச்சர் படிக்கக் கொடுத்ததை ஒப்பித்தேன். எல்லாவற்றையும் கையில் கொடுப்பதில்லை. கொஞ்சம்தான் கொடுப்போம். மீதியை, வங்கிக்கு நெருக்கடி வந்து கேட்டால் தருவோம் என்று வாக்காக வைப்போம். வகுப்பில் யாருக்கும் புரியாத பகுதி அது, எனக்கும் சேர்த்துத்தான். மாமா ஒரு நொடியில், “ஓ, நேர்ச்ச” என்றார். மாதாவுக்கு நேர்ந்துகொள்வது. காரியம் வந்தால் கட்டாயம் கொடுத்தாக வேண்டும், கொடுக்காவிட்டால் முகத்தில் முழிக்க முடியாது.

“சரி, அதிகமாகப் போட்டால் நமக்கென்ன?” என்றார். அதிகம் போடுகிற நாட்டுக்கு வங்கிக் கூட்டத்தில் அதிக ஓட்டு என்றேன். அதற்கும் அவர் தயாராகப் பதில் வைத்திருந்தார். வள்ளத்தில் பிடித்த மீனைப் பிரிக்கும்போது வலைக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு, போன ஆட்களுக்கு ஆளுக்கொரு பங்கு என்று விளக்கினார். நான் காதை ஒட்டவைத்துக்கொண்டு கேட்டேன். சுட்டு என் அவைப் பேச்சில் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்கு. ஏமாந்தவர் எனக்கே பாயிண்ட் எடுத்துக் கொடுக்கிறார் என்று நினைக்க நினைக்க, வெற்றிலையில்லாத கன்னத்தில் வெற்றிலை ஊறியது. கடைசியாக அவர் சொன்னது:

“பங்கு வச்சவன் எங்க வல போடணும்ணு சொல்லலாம் அய்யா. வைக்காதவன் கரையில நிண்ணு மீன மோந்து பாக்கலாம், அம்புட்டுதான்.”

யார் யாரைப் பரிசீலிப்பது

அப்புறம் அவர் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. நானும் அந்த நேரத்துக்குத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு காத்திருப்பேன். பள்ளிக்கூடத்தில் ரெஜினா ஒன்றும் கேட்பதில்லை. அமைச்சர் கூப்பிட்டதை அவள் அப்பா வீட்டில் சொல்லவில்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டேன். என் குரலில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவை கூடுவதற்கு முந்தின சாயங்காலம் அவர் கேட்டது வேறு மாதிரி. “இந்தப் பரிசீலனைண்ணா என்னவாக்கும் அய்யா?” என்றார். “வந்து... தீவிரமாக யோசிப்பது” என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. “எங்க வீட்டக் கடலும் தீவிரமா பரிசீலிச்சிட்டிருக்கு அய்யா. அடுக்களய பரிசீலிச்சு முடிச்சாச்சு. இப்ப படுக்கிற முறிய பரிசீலிக்குது” என்றார். கடல் பக்கத்துக் கதவை ஆணியடித்து மூடியாகிவிட்டதாம். அவர் மனைவி மீன் வெட்டுவதும் குழம்பு வைப்பதும் முன்முறியில், அதாவது வாசல் அறையில், வருகிறவர்கள் உட்காருகிற நாற்காலிக்குப் பக்கத்தில். விருந்தாளி வந்தால் முதலில் அடுப்பை நகர்த்த வேண்டும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனுக்குள் ஒரு சத்தம். லாரி வந்து மோதின மாதிரி. “என்ன அது?” என்று நான் என் சொந்தக் குரலிலேயே கேட்டுவிட்டேன். “அலைதான் அய்யா” என்றார், குரல் மாறியதைக் கவனிக்காதவர் போல.

எழுதிக் கொடுத்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்ல முடியவில்லை. எனக்குள் குடியிருக்கிற அத்தனை குரலில் ஒன்றுக்கும் அதைச் சொல்ல முடியவில்லை. அவர் தெருவின் பெயரைக் கேட்டேன். சொன்னார். அமைச்சர் குரலை இழுத்துப் பிடித்து, “வந்து... வங்கிக்கு நம் பங்கைப் போடுவோம். அதில் வருகிற முதல் கல் உங்கள் செபஸ்தியார் தெருவில்தான் விழும். இது நிதியமைச்சரின் வாக்கு” என்றேன். மாமா நிதானமாகச் சொன்னார்:

“ஓர்மையில வச்சுக்கிடணும், கேட்டியளா? இதச் சொன்னது நீங்க ஆக்கும்.”

அவை

மறுநாள் காலை. முன்வரிசையில் அதிகாரி, பக்கத்தில் லீலா டீச்சர், பின்னால் பெற்றோர்கள். நான் எழுந்து, எழுதிக் கொடுத்ததை எழுத்துக்கு எழுத்து பேசினேன். வங்கிக்குப் பங்களிப்பை உயர்த்துவது அரசின் பரிசீலனையில் உள்ளது என்று முடித்து, கைதட்டு வாங்கி உட்கார்ந்தேன். எதிர்க்கட்சித் தலைவி எழுந்தாள். ‘வேண்டாம்’ என்று பேசுவதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. அவளோ, “பங்கு போடலாம். எதிர்க்கட்சி சம்மதிக்கிறது. ஆனால் போடுகிற நாடு, தன் கல் எங்கே விழவேண்டும் என்று கேட்டுப் போட வேண்டும்” என்றாள். நான் சுட்டுவைத்து, பிறகு பயந்து விட்டுவிட்ட வள்ளக் கணக்கு அவள் வாயிலிருந்து வந்தது. நேர்ச்சை வந்தது. கால்வாய்ச் சகதிகூட வந்தது. எங்கள் அப்பா கேட்டதை நான்தான் ஒரு சாயங்காலம் அமைச்சர் குரலில் மாமாவிடம் பீற்றியிருந்தேன். கடலுக்குக் கொடுக்கிற அரசு கடைமடைக்கும் பதில் சொல்ல வேண்டும் என்றாள். மாமா மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் போல!

“மாண்புமிகு நிதியமைச்சர் நேற்று எங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னதை அவைக்கு வைக்கிறேன்” என்றாள் ரெஜினா. கன்னத்தில் இல்லாத வெற்றிலை ஒன்றை அடக்கினாள். “வந்து... வந்து... முதல் கல் உங்கள் செபஸ்தியார் தெருவில்தான் விழும்.” என் குரல்! நான் கிள்ளிக் கிள்ளிச் சேர்த்த குரல், என்னைவிட நன்றாக! அரங்கமே வெடித்துச் சிரித்தது, கல்வி அமைச்சர் மேசைமேல் விழுந்து சிரித்தாள். நான் சொல்லியிருந்த இடம் இதுதான், நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். என்னால் மட்டும் முடியவில்லை. சபாநாயகர் மணியை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பிவிட்டார். “அமைச்சர் அப்படிச் சொன்னதுண்டா?” இல்லை என்று சொன்னால் மணி அடிக்கும், ரெஜினா உட்கார வேண்டும், அந்தத் தெருவும் அவளோடு உட்கார்ந்துவிடும். உண்டு என்று சொன்னால் அமைச்சர் வேஷத்தில் போன் போட்டது நான்தான் என்று லீலா டீச்சருக்கு முன்னால் ஆகும். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

எழுந்து நின்றேன். அமைச்சர் குரல் வரவில்லை. என் குரல்தான் வந்தது, கொஞ்சம் கீச்சென்று. “சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.” சபாநாயகர் மணியைக் கீழே வைத்தார். ரெஜினா அடுக்களையிலிருந்து படுக்கிற முறி வரை தன் வீட்டை அவைக்கு வைத்தாள். இடையில் யாரும் சிரிக்கவில்லை. அவள் முடித்ததும் அதிகாரி நாற்காலியில் முன்னுக்கு வந்தார். “இந்தத் தெரு நிஜத்துல இருக்கா? இங்கே முடிஞ்சதும் நேரா அங்கதான் போறோம். கல் விழுமான்னு இப்ப சொல்ல மாட்டேன். பார்த்துட்டுச் சொல்றேன். யாரு வழி காட்டுவா?” என்றார். பின்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எழுந்தார். மாமாவை நான் முதல்முறையாகப் பார்க்கிறேன். அதிகாரி அவரிடம், “அமைச்சர் போன்ல பேசினப்போ நிஜம்னு நம்பிட்டீங்களா?” என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்து, மன்னிப்புக் கேட்கிற மாதிரியும் இல்லாமல் சிரிக்கிற மாதிரியும் இல்லாமல் தலையைச் சொறிந்தார்.

“மொத நாளு எழும்பி நிண்ணு பேசினேன் சார், பொய் சொல்லப்படாது. ரெண்டாம் நாளுல இருந்து எனக்க மொவ பக்கத்துல இருந்து என்ன கேக்கணும்ணு சொல்லித் தந்தா, நான் கேட்டேன். அமைச்சரு வாயில தெருப் பேரு வரணும்ணுதான் இம்புட்டுப் பாடும்.”

கஜானாவில் ஒரு ரூபாய்கூட இல்லாத நாட்டில் நான் நிஜமாகக் கொடுத்தது அந்த ஒரு வாக்கு மட்டும்தான், அதையும் நானாகக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.